மூத்தாள் மணையில் உட்கார்ந்த சொர்ணாம்பாள்

பொதிகை மலை ஒரு காலத்தில் இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு உயரம் இருந்ததாம். தச்சநல்லூர் சொர்ணாம்பாள் ஒருநாள் வாசலில் நின்று அதை ஏறிட்டு ஒரு பார்வை பார்த்தாளாம். மலை பயந்துபோய்ப் பாதியாகக் குனிந்ததுதானாம், இன்றுவரை நிமிரவில்லையாம். அவள் குளிக்க இறங்கினால் தாமிரவருணி ஓடாமல் நிற்குமாம், தலையைத் துவட்டிக் கரையேறிய பிறகு, "புறப்படலாமா தாயி?" என்று கேட்டுக்கொண்டுதான் மேற்கொண்டு போகுமாம். எமதருமனே தச்சநல்லூர் வழியாகப் போக நேர்ந்தால், எருமையின் கழுத்து மணியைக் கையால் பொத்திக்கொண்டு பூனை நடை நடந்துதான் கடப்பானாம். பயம் என்கிற வார்த்தை அவள் காதில் விழுந்ததே கிடையாதாம்.

இவ்வளவும் பொய். பயம் என்று ஒருவன் வெளியூரிலிருந்து தச்சநல்லூருக்கு வந்தால், முதலில் சொர்ணாம்பாள் வீட்டில் இறங்கி, கை கால் கழுவி, ஒரு வாய் மோர் குடித்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவான். அவள் பயப்படாத பொருள் உலகத்தில் குறைவு. பூனை குறுக்கே போனால் பயம். போகாமல் நின்று பார்த்தால் அதைவிடப் பயம். கிணற்றில் தன் முகம் தெரிந்தால் பயம். ரயில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு சாமி அறைக்கு ஓடுவாள். பல்லி சொன்னால் போதும், எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். வீட்டைவிட்டுக் கிளம்பி, பல்லி சொல்லித் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, மறுபடி கிளம்பி, அதற்குள் கோயில் நடை சாத்திப்போன நாட்கள் பல.

அவள் புருஷன் சிவசைலம் பிள்ளைக்கு நெல் மண்டியில் கணக்குப் பார்க்கிற வேலை. அதிகம் பேசமாட்டார்; பேசினால் சண்டை. பிள்ளைகள் இல்லை. சொர்ணாம்பாளுக்கு ஒரே தங்கை, தங்கத்தாய். கல்லிடைக்குறிச்சியில் ஆவுடைநாயகம் பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு, உமையாள் என்று ஒரு பெண்ணைப் பெற்று, அது நடக்கப் பழகிய வருஷமே வாந்திபேதியில் போய்விட்டாள். அதிலிருந்து சொர்ணாம்பாள் உயிர் வாழ்வதெல்லாம் பொங்கலுக்கும் ஆடிக்கும் அந்தப் பிள்ளை தச்சநல்லூருக்கு வந்து சில நாள் இருப்பதற்காகத்தான். பிள்ளை போன பிறகு அது கிறுக்கிய கரிக்கோட்டைச் சுவரிலிருந்து அழிக்க விடமாட்டாள். வெள்ளையடிக்க வந்த ஆளைக்கூட, "அங்கன மட்டும் விட்ரு" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள்.

சாதாரண என்று பேர் கொண்ட வருஷம் அது. பேருக்குத்தான் சாதாரணம், சித்திரை முடிவதற்குள் வானத்தில் வால்வெள்ளி தெரிந்து ஊர் முழுக்க ராஜா சாவான், மழை பொய்க்கும் என்று பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பாத்துரை வந்து சேர்ந்தான். ஆவுடைநாயகத்தின் பங்காளி. பிள்ளை பிறந்த செய்தியைக்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாவுத் துஷ்டி சொல்லுகிற குரலில் சொல்லுவான்.

"மதினி, அண்ணனுக்கு வைகாசியில கல்யாணம் வச்சிருக்கு. பொண்ணு அம்பாசமுத்திரம். அன்னத்தாய்னு பேரு. வார வெள்ளிக்கிழமை மூத்தாள் விருந்து. நீங்கதான் மணையில வந்து உக்காரணும்னு பெரியம்மை சொல்லி விட்டாக."

சொர்ணாம்பாள் புடைத்துக்கொண்டிருந்த அரிசி, முறத்தை விட்டு முற்றத்துக் கோழிகளுக்குப் போயிற்று.

மூத்தாள் விருந்து என்பது அந்த வீட்டு வழக்கம். முதல் மனைவி செத்து இரண்டாவது கட்டுகிறவன், செத்தவளிடம் உத்தரவு வாங்காமல் தாலி கட்டக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் புதுப்பெண்ணை அழைத்து விருந்து வைப்பார்கள். செத்தவளின் ரத்தத்தில் ஒருத்தி, புருஷன் உயிரோடு இருக்கிற கட்டுக்கழுத்தி, செத்தவளுக்கென்று எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டும். புதுப்பெண் அவளுக்குச் சோறு ஊட்ட வேண்டும். பிறகு மணையில் இருப்பவள் தன் தலைப் பூவை எடுத்துப் புதுப்பெண்ணின் தலையில் வைத்தால், மூத்தாள் சம்மதித்தாள் என்று அர்த்தம். மணையில் இருக்கும் நேரம் அவள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அது அவள் பேச்சில்லை; செத்தவள் பேச்சு. அதை அந்த வீட்டில் யாரும் தட்டக் கூடாது.

"வரலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார் சிவசைலம் பிள்ளை.

"வரலைன்னா ஒண்ணுமில்ல அண்ணாச்சி. 'பூ வைக்க வராதவளுக்குப் புள்ளையைப் பாக்க மட்டும் என்ன வழி கெடக்கு'ன்னு பெரியம்மை சொன்னாக. நான் சொல்லல. அவுக சொன்னாக."

பெரியம்மை என்றது ஆவுடைநாயகத்தின் தாயார் பார்வதியம்மாளை. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அப்பாத்துரை செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படியிறங்கியவன், மறந்துபோனதை எடுத்துக் கொடுப்பவன் மாதிரி திரும்பினான். "எங்க சித்தப்பாவுக்கு ரெண்டாந்தாரம் கட்டையில மணையில உக்காந்தது மூத்தவளுக்குத் தங்கச்சி. அந்தப் புள்ளை அந்த ஆடியைத் தாண்டலை. அது வேற காய்ச்சல், மதினி. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது? சொர்ணாம்பாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. செத்துப்போவது ஒரு பயம். தங்கை நேரில் வந்துவிடுவாளோ என்பது அதைவிடப் பெரிய பயம். தங்கத்தாய் உயிரோடு இருந்தபோது ஆனித் தேருக்குக் கட்டிக்கொள்ள அக்காளின் அரக்குச் சேலையைக் கேட்டாள். கறை பட்டுவிடும் என்று சொர்ணாம்பாள் கொடுக்கவில்லை. "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்துவிட்டுத்தான் போனாள் தங்கை. அடுத்த தேருக்கு அவள் இல்லை. சேலை பெட்டியில் இருந்தது, கறை படாமல்.

"நான் போவமாட்டேன்" என்றாள் சொர்ணாம்பாள்.

"போவாம? ஊர் என்ன சொல்லும்? தங்கச்சி புருஷன் மறுகல்யாணம் கட்டுதான்னு அக்காகாரிக்கு வயித்தெரிச்சல்னு சொல்லும். போயிட்டு வா."

"ஊரு வந்தா எனக்குப் பதிலா மணையில உக்காரும்?"

"ஏட்டி, சோறு ஊட்டுனா திங்கணும். பூவை எடுத்து வைக்கணும். இதுல என்ன பயம்?"

"உங்களுக்கு என்ன, நீங்க வெளிவாசல்ல வெத்தலை போட்டுக்கிட்டு இருப்பீக. உள்ள அவ வந்து 'எஞ் சேலை எங்க'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

இப்படியே அந்த வாரம் போயிற்று. மண்டியிலிருந்து வரும்போது அவர் ஒரு நியாயம் கொண்டுவருவார். அவள் ஒரு பயம் எடுத்து வைத்திருப்பாள். நியாயங்கள் தீர்ந்துபோயின. பயங்கள் தீரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் உமையாளின் பாவாடையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆடிக்கு வருகிற பிள்ளைக்காக, உள்ளே மடித்துத் தைத்திருந்த விளிம்பைப் பிரித்து இறக்குகிற வேலை. நூலைப் பிரித்தாள். எவ்வளவு இறக்குவது? பொங்கலுக்கு வந்தபோது அடுப்பு மேடைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இப்போது மேடைக்குச் சரியாக நிற்குமா, மேலே எட்டிப் பார்க்குமா? சும்மா ஒரு அளவு வைத்துத் தைத்துப் பார்த்தாள். பிரித்தாள். மறுபடி தைத்தாள். இந்த ஆடிக்கு இப்படிக் குத்துமதிப்பாகத் தைக்கலாம். பிள்ளையைப் பார்க்கவே வழியில்லை என்று ஆகிவிட்டால் அப்புறம் எதை வைத்துத் தைப்பது?

சிவசைலம் பிள்ளை வந்ததும் சொன்னாள்: "நான் போவுதேன்."

அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். "எங்க?"

"கல்லிடைக்குறிச்சிக்கு. மணைக்கு."

"போவ வேண்டாம்."

"நீங்கதானே ஒரு வாரமாப் போ, போன்னீக?"

"அப்பச் சொன்னேன். இப்பச் சொல்லுதேன், வேண்டாம். அவன் பொண்டாட்டி செத்தா அவன் கட்டிக்கிடட்டும், ஒண்ணுக்கு நாலு கட்டிக்கிடட்டும். அதுக்கு எம் பொண்டாட்டியா கெடைச்சா மணையில வைக்க?" குரல் ஒரு மாதிரி உடைந்தது. அதை மறைக்க இருமினார்; இருமலை மறைக்க மண்டி முதலாளியைத் திட்டினார். அவள் போகமாட்டேன் என்றவரை அவருக்குப் பயப்பட அவசியம் இல்லாமல் இருந்தது. அவர் பங்குப் பயத்தையும் அவளே சேர்த்துப் பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவர் பங்கு அவரிடமே வந்து சேர்ந்தது.

அன்று அந்தத் தெருவில், அவள் போகக் கூடாது என்று நினைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்து, தலைக்குக் குளித்து, பூ வைத்து, வாசற்படியில் வலது காலை எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர்ப் பக்கம் பல்லி சொல்லிற்று. உள்ளே போய்த் தண்ணீர் குடித்து உட்கார்ந்தாள். சிவசைலம் பிள்ளையின் முகத்தில் உயிர் வந்தது. மறுபடி கிளம்பினாள். மறுபடி சொல்லிற்று. இந்தத் தடவை விட்டு விட்டு, அழுத்தம் திருத்தமாக, எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி சொல்லிற்று. சொல்லி முடித்து யாரோ லேசாக இருமினார்கள். பக்கத்து வீட்டில் யாருக்கோ சளிபோல.

"பல்லியே சொல்லிட்டு" என்றார் சிவசைலம் பிள்ளை.

சொர்ணாம்பாள் சுவரைப் பார்த்தாள். "அது சொல்லிக்கிட்டே கெடக்கட்டும். ரயிலுக்கு நேரமாச்சி" என்று இறங்கி நடந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பல்லியின் பேச்சைத் தட்டியது அன்று ஒருநாள்தான்.

ரயிலில் வழி நெடுகப் புருஷனின் துண்டு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேரன்மகாதேவி தாண்டி வயல்கள் பச்சையாகக் கிடந்தன. அவள் கண்ணைத் திறந்தால்தானே?

கல்லிடைக்குறிச்சி வீட்டில் சத்தமே இல்லை. விருந்து வீடு என்றால் நாலு பேர் கத்த வேண்டும், ஒரு பாத்திரமாவது விழ வேண்டும். இங்கே எல்லாரும் பஞ்சின் மேல் நடக்கிறவர்கள் மாதிரி நடந்தார்கள். ஆம்பிளைகளை வெளிவாசலோடு நிறுத்திவிட்டார்கள். ஆவுடைநாயகம் பிள்ளை சகலனைப் பார்த்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு என்ன சொல்லலாம் என்று தாயாரைத் தேடினார்.

உள்ளே கூடத்தில் கோலம் போட்டு மணை வைத்திருந்தார்கள். அதன் மேல் புதுச்சேலை. அரக்கு நிறம். சொர்ணாம்பாள் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

"அத்தை, இந்த நெறம்..."

"அவளுக்கு அரக்குன்னா உசுரு" என்றாள் பார்வதியம்மாள். "போயிக் கட்டிக்கிட்டு வா. இனிமே பேசாத."

கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் ஐந்து கட்டுக்கழுத்திகள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் வேறு முகம் தெரிந்துவிடுமோ என்று எல்லாரும் இலையையே பார்த்தார்கள். மூலையில் தூணைப் பிடித்துக்கொண்டு உமையாள் நின்றது. வளர்ந்திருந்தது, அவள் நினைத்ததைவிட நாலு விரல் கூட. "அது யாரு தெரியுதா? உங்கம்மை வந்திருக்கா, கும்பிடு" என்று ஒருத்தி பிள்ளையை முன்னால் தள்ளினாள்.

"அது எங்க பெரியம்மைல்லா?" என்றது உமையாள், பளிச்சென்று.

"சீ, வாயை மூடு!" நாலு கைகள் பிள்ளையின் வாயைப் பொத்தின.

புதுப்பெண் அன்னத்தாயைக் கொண்டுவந்து எதிரே உட்காரவைத்தார்கள். கழுத்து நிறைய நகை. நகைக்குள்ளே ஒரு முயல்குட்டி. சோற்றைப் பிசைந்து எடுத்தாள். வாய்க்குக் கொண்டுவருவதற்குள் பாதிச் சோறு மணையில் விழுந்தது. மீதியைச் சொர்ணாம்பாள் வாயில் வாங்கினாள்.

மென்றாள். அந்த நேரத்தில் அவள் நெஞ்சு அடித்த அடியில், எதையாவது சாதாரணமாக நினைத்தால்தான் மயங்காமல் இருக்கலாம் என்று தோன்றிற்று. நாக்குத்தான் சாதாரணமாக இருந்தது. அது தன் வேலையைப் பார்த்தது.

"குழம்புல உப்பில்லையே" என்றாள் சொர்ணாம்பாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

கூடம் அப்படியே நின்றது. படையல் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. சமைத்தவளுக்கே உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அன்று சமைத்தது பார்வதியம்மாள். மருமகள்மாரை நடுங்க வைக்கிற அந்த மனுஷி, செத்த மருமகளை நினைத்து நடுங்கிய நடுக்கத்தில் உப்பை மறந்திருந்தாள். இப்போது எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பார்வதியம்மாள் மெல்ல நடந்து வந்து மணைக்கு முன்னால் கை கூப்பினாள்.

"தாயி... வேற என்ன குறை? சொல்லு. செய்யுதேன்."

ஓடிவிடலாமா என்று நினைத்தாள் சொர்ணாம்பாள். நான்தான், வாய் தவறிவிட்டது என்று சொல்லிவிடலாமா? செத்தவள் பேரில் பொய் சொன்னால் ஆடி எதற்கு, நாளைக்கே வந்து கூப்பிட்டுவிடுவாளே. அரக்குச் சேலை அனலாகச் சுட்டது. தூணடியில் நாலு கைகளுக்கு இடையே உமையாளின் கண்கள் மட்டும் தெரிந்தன. பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிப்போயிருந்தது. அதை இறக்கித் தைக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

"எம் புள்ளை..." குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "எம் புள்ளை எங்க அக்காகிட்ட வளரட்டும்."

"சரி தாயி" என்றாள் பார்வதியம்மாள். ஐந்து கட்டுக்கழுத்திகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இனிப் பூ வைத்துவிட்டால் முடிந்தது. சொர்ணாம்பாள் தலைப் பூவை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அன்னத்தாயின் தலை அவள் கைக்கடியில் வெடவெடவென்று ஆடியது. யாருக்கும் கேட்காமல் அந்தப் பெண் முனகினாள்: "அக்கா, என்னைக் கொன்னுராதீக. நான் வரணும்னு வரல. எங்கய்யா கட்டி வைக்காரு. உங்க நகை ஒண்ணும் தொடமாட்டேன்."

சொர்ணாம்பாள் கை பூவோடு நின்றுவிட்டது. சும்மா வைத்துவிட்டுப் போகலாம். போனால் பிள்ளை தன்னோடு வரும்; இந்தப் பெண்ணோ இந்த வீட்டில் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் தங்கத்தாயைப் பார்த்துப் பார்த்தே செத்துப்போவாள். பயத்தோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று சொர்ணாம்பாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால்? இவள் ஒரு கத்துக் கத்தினால் போதும். பிள்ளை போயிற்று, மானமும் போயிற்று.

பூவைச் செருகுகிற சாக்கில் காதோடு குனிந்தாள். "நான் சொர்ணம்ட்டி. உசுரோட இருக்கவ. அவ வரல. வந்தாலும் உன்னை ஒண்ணும் செய்யமாட்டா, சிரிச்ச முகக்காரி. பயப்படாத. வெளிய சொல்லிராத."

அன்னத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம், சொர்ணாம்பாளின் உயிர் அந்தக் கண்களில் தொங்கிற்று. அப்புறம் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆட்டம் நின்றிருந்தது.

சாயங்கால ரயிலுக்கு வண்டி பூட்டியாயிற்று. சிவசைலம் பிள்ளை உமையாளைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெண்டாட்டி உயிரோடுதான் இருக்கிறாளா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பார்வதியம்மாள் ஒரு சின்னத் துணி மூட்டையோடு வந்து, சொர்ணாம்பாளைத் தொழுவத்துப் பக்கம் அழைத்துப் போனாள்.

"எம் மருமவ அஞ்சு வருசம் என் சமையலைத் தின்னா. ஒருநாள் உப்பில்லைன்னு சொன்னவ இல்ல. இருக்கையில சொல்லாதவ செத்த பெறகா வந்து சொல்லப்போறா?"

சொர்ணாம்பாள் தொழுவத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை..."

"பேசாத. புதுசா வாரவளே ஒரு புள்ளை. அவளை நான் வளக்கணும். இதையும் சேத்து ரெண்டு புள்ளையை வளக்க எனக்குத் தெம்பு இல்லை. உன்னை வளக்கச் சொல்லிக் கேட்டா ஊரு என்ன சொல்லும்னு நானும் பயந்துதான் கெடந்தேன். நீ மணையில வச்சுக் கேட்ட, எனக்கும் நல்லதாப் போச்சு." மூட்டையைக் கையில் திணித்தாள். "புள்ளைக்குத் தலை காயாமப் பாத்துக்க. சளி பிடிக்கும்."

அந்த ஆடி முழுவதும் சொர்ணாம்பாள் சாகக் காத்திருந்தாள். ஒரு தும்மல் வந்தால் உமையாளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்வாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அடுப்படியில் வேகிற நெற்றி சூடாகத்தான் இருக்கும். உடனே புருஷனைக் கூப்பிட்டு அவர் நெற்றியைத் தொட்டு ஒத்துப் பார்ப்பாள். ஆடிப்பூரம் வந்தது, போயிற்று. ஆவணி பிறந்த அன்று பெட்டியைத் திறந்து பழைய அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் அதில் மஞ்சள் கறை, புளிக் கறை, உமையாளின் கரிக்கை எல்லாம் ஏறியிருந்தன. துவைக்கப் போட மனமில்லாமல் கொடியில் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதுவரை எழுதியதை நான் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டியபோது சொர்ணாம்பாள் உமையாளுக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள். மலை குனிந்த இடத்தில் சிரித்தாள். உப்பு வந்த இடத்தில் சீப்பு நின்றது. முடிந்ததும் சீப்பை எடுத்துவைத்துவிட்டுப் பின்ன ஆரம்பித்தாள்.

"எல்லாம் சரிதாம்லே" என்றாள். "நாஞ் சொன்னது, அன்னத்தாய் வந்தப்ப சொல்லிச் சிரிச்சது, எல்லாம் அப்படியே எழுதிட்ட. ஆனா பல்லிக்குப் பெறகு யாரோ இருமினதை எழுதியிருக்கியே, அதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. அன்னைக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் எங்க வீட்டுக்காரரும்தான். அந்தப் பக்கம் யாருலே?"

நான் தாளை மடிக்க ஆரம்பித்தேன்.

"நான் போனாச் செத்துருவேன்னு பயந்துதானே சொன்ன, மூதி? காலம்பற எந்திரிச்சதுலருந்து சளியோட ஒருத்தன் சுவத்தோரம் கெடந்தா எனக்குத் தெரியாதா?" பின்னலை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "அடுத்த தடவை சுக்குத்தண்ணி குடிச்சிட்டுப் பல்லி சொல்லு. எந்த ஊருப் பல்லிலே இருமும்?"